கழுத்து விலகிய குதிரையும் பைதாரின் கையும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலப்பகுதியில், சிரியாவில் அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரி என்பவர் ஒரு நூல் எழுதினார். 'நிஹாயத்துர் ருத்பா' என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் அந்நூல், சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட ஒரு கைநூல். ரொட்டி சுடுபவர், இறைச்சி விற்பவர், துணி நெய்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பைதார்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டுள்ளது. குதிரைக்கு லாடம் அடிப்பவரும் வைத்தியம் பார்ப்பவரும் அக்காலத்தில் ஒருவரே; அவருக்கே பைதார் என்று பெயர்.

அவ்வத்தியாயத்தில் அஷ்ஷைஸரி முன்வைக்கும் கருத்து இன்றும் நம்மை நின்று யோசிக்க வைப்பது. மனிதருக்கு வைத்தியம் செய்வதைவிட மிருகத்துக்கு வைத்தியம் செய்வது கடினம் என்கிறார் அவர். மிருகத்துக்குப் பேச்சில்லை, எங்கே நோகிறது என்று அது சொல்லாது. ஆகவே பைதார் தன் கண்ணையும் விரலையுமே நம்பவேண்டும். அனுபவமில்லாமல் இரத்தம் குத்தி எடுப்பதையும் வெட்டுவதையும் சூடு போடுவதையும் தடுக்கக்கூடிய மனச்சாட்சி அவனுக்கு இருக்கவேண்டும். மிருகங்களுக்கு வரும் நோய்கள் 320 என்று ஒரு கணக்கையும் அவர் தருகிறார். பைதாரின் பிழையால் மிருகம் பழுதுபட்டால், நலமாயிருந்தபோது அதற்கிருந்த விலைக்கும் பழுதுபட்ட பின் உள்ள விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அவனே கட்டவேண்டும்.

எகிப்தில் வாழ்ந்து 1329இல் காலமான இப்னுல் உகுவ்வாவும் தமது ஹிஸ்பா நூலில் இவ்விதிகளை ஏறத்தாழ அப்படியே எடுத்தாள்கிறார். ஆகவே இது ஒரு தனிமனிதரின் இரக்கவுணர்வு மட்டுமல்ல; சந்தையில் நடைமுறைப்படுத்தப்படவேண்டிய ஒழுங்காக எண்ணப்பட்டது என்று கொள்ளலாம்.

இந்த ஒழுங்கைச் சோதித்துப் பார்ப்பதற்குக் குதிரையின் கழுத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கழுத்து மூட்டு விலகிய குதிரைக்குக் கத்தி வைக்காமல், கையால் வைத்தியம் செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு இன்று சான்றுகள் உண்டு. ஆனால் அந்தக் கை அவ்விடத்துக்கு வந்துசேர்ந்த வழி மிக நீண்டது.

ஏழு எலும்புகள்

மனிதனுக்குப் போலவே குதிரைக்கும் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். நீளத்தில்தான் வேறுபாடு. முதலாவது எலும்பு அட்லஸ்; மண்டையோட்டைத் தாங்குவது. இரண்டாவது அக்ஸிஸ். அக்ஸிஸின் முன்புறத்தில் முளை போன்ற ஒரு நீட்சி உண்டு. அது அட்லஸின் வளையத்துக்குள் நுழைந்து, நார்களால் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. குதிரை தலையை இருபுறமும் திருப்புவது பெரும்பாலும் இந்த முளையை அச்சாகக் கொண்டுதான். தலையும் கழுத்தும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இருக்கும். அவ்வளவு பாரத்தையும் வீசி ஆடவிடும் கீல் இது.

கட்டியிருக்கும் கயிற்றைக் குதிரை வெருண்டு பின்னுக்கு இழுத்து மல்லாந்து விழும்போதும், தடை தாண்டும்போது தலைகீழாகப் புரளும்போதும், சுவரில் மோதும்போதும் இந்தக் கீல் விலகலாம். கயிற்றுக்குப் பழகாத குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். நார்கள் அறுந்தால் முளை தன் இடத்தைவிட்டு நழுவிவிடும். சிலவேளை முளையே முறிந்துபோகும்.

ஆச்சரியம் என்னவென்றால், இப்படி விலகிய பின்னரும் சில குதிரைகள் எழுந்து நடப்பதுண்டு. அட்லஸின் வளையத்துக்குள் முண்ணாணுக்கு இடம் சற்றுத் தாராளமாக இருப்பதே காரணம். நரம்பு நசுங்காமல் தப்பிவிட்டால் குதிரை கழுத்தை விறைப்பாக நீட்டியபடி நிற்கும், தலையைத் திருப்ப மறுக்கும், காதுக்குப் பின்னால் வீங்கியிருக்கும், அசைக்கும்போது உள்ளே ஒரு 'டக்' சத்தம் கேட்கலாம், நடை தள்ளாடும். நரம்பு நசுங்கிவிட்டாலோ குதிரை எழும்பாது. 500 கிலோ எடையுள்ள ஒரு மிருகம் எழும்பாமல் கிடந்தால் தன் பாரத்தாலேயே அதன் தசைகளும் நுரையீரலும் பழுதடைந்துவிடும்.

ஜப்ரும் பைதராவும்

பைதார் என்ற சொல்லே மொழிகளைக் கடந்து வந்தது. குதிரை வைத்தியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ஹிப்பியாத்ரோஸ் என்பதன் திரிபு அது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோம்னெஸ்டஸின் குதிரை வைத்திய நூல் அறபிக்கு வந்தது. அதை மொழிபெயர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) என்று சொல்லப்படுகிறது. அதே ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு அகீ ஹிஸாம் என அறியப்பட்ட முஹம்மத் இப்னு யஃகூப் அல்-குத்தலீ குதிரையேற்றத்தையும் குதிரை வைத்தியத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அப்பாஸியக் கலீபாக்களின் லாயங்களோடு தொடர்புடைய குடும்பம் அவருடையது. பைதரா பற்றி அறபியில் எழுந்த நூல்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

இந்த மரபின் உச்சம் கெய்ரோவில் நிகழ்ந்தது. மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூன் குதிரைப் பித்துக் கொண்டவர். மூன்று தடவை அரியணை ஏறி, இறுதியாக 1310 முதல் 1341 வரை ஆண்டவர். அவரது லாயத்தின் பைதாராக இருந்த அபூபக்கர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல் சுல்தானின் பெயராலேயே 'அந்நாஸிரி' என்று வழங்குகிறது. அபூபக்கரின் தந்தையும் பைதாரே. பிரெஞ்சுக்காரரான பெரோன் இந்நூலை மொழிபெயர்த்து 1852 முதல் 1860 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டபோது ஐரோப்பிய மிருக வைத்தியர்கள் இத்துறையின் ஆழத்தை அறிந்துகொண்டனர்.

பைதாருக்குப் பக்கத்தில் இன்னொருவரையும் நாம் நிறுத்திப் பார்க்கவேண்டும். அவர் முஜப்பிர், எலும்பு பொருத்துபவர். நம் நாட்டில் முறிவு நெரிவு வைத்தியர் என்று நாம் சொல்பவருக்கு நிகரானவர். உடைந்ததைச் சேர்ப்பதைக் குறிக்கும் 'ஜப்ர்' என்ற வேரிலிருந்தே இப்பெயர் வந்தது. அல்-குவாரிஸ்மியின் கணித நூலின் வழியாக அதே சொல் அல்ஜிப்ரா ஆனது. ஸ்பானிய மொழியில் அல்ஹெப்ரிஸ்தா என்றால் ஒரு காலத்தில் கணிதக்காரர் அல்ல, எலும்பு வைத்தியர். மிருக வைத்தியரையும் ஸ்பானியர் பல நூற்றாண்டுகள் அல்பெய்தார் என்றே அழைத்தனர். முஸ்லிம்களின் ஆட்சி கிரனடாவில் முடிந்து எட்டே ஆண்டுகளில், 1500இல், அல்பெய்தார்களைப் பரீட்சித்து அனுமதி வழங்க ஸ்பெயினின் மன்னர்கள் ஒரு சபையை நிறுவினார்கள். ஆட்சி போயும் தொழிலின் பெயர் போகவில்லை.

முஜப்பிருக்கும் அஷ்ஷைஸரி விதி வைக்கிறார். கிரேக்க வைத்தியரான பவுலஸின் தொகுப்பு நூலில் எலும்பு பொருத்துவது பற்றிய ஆறாம் பகுதியைக் கற்றுத் தேறாதவர் இத்தொழிலில் இறங்கக்கூடாது. மனித உடலில் 248 எலும்புகள் உண்டு என்பது அக்காலக் கணக்கு. ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளவையும் அவர் அறிந்திருக்கவேண்டும். இடம்பெயர்ந்த எலும்பைப் பழைய நிலைக்குத் திருப்ப, பழைய நிலை எது என்று முதலில் தெரியவேண்டுமல்லவா?

தொடக்கூடாத இடம்

கையால் எலும்பைச் சேர்க்கும் கலையில் பழைய நூல்கள் கழுத்தை எப்போதும் தனியாகப் பிரித்தே பார்த்தன. கி.மு. 1600 அளவில் பிரதி செய்யப்பட்ட எகிப்தியச் சுவடி ஒன்று எட்வின் ஸ்மித் என்பவரின் பெயரால் அறியப்படுகிறது. அதில் 48 நோயாளிகளின் காயங்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. முப்பதாவது ஆளுக்குக் கழுத்து எலும்பில் சுளுக்கு. வைத்தியம் செய்யலாம் என்று தீர்ப்பு. முப்பத்தொன்றாவது ஆளுக்குக் கழுத்து எலும்பு விலகியிருக்கிறது; கைகால் இருப்பதை அவன் உணரவில்லை; சிறுநீர் அவனறியாமல் போகிறது. இது வைத்தியம் செய்யத்தக்கதல்ல என்று தீர்ப்பு.

ஏறத்தாழ இருபத்தாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் குர்துபாவில் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) 'அத்தஸ்ரீப்' என்ற தமது கலைக்களஞ்சியத்தின் முப்பதாம் பகுதியைச் சத்திர சிகிச்சைக்கும் எலும்பு பொருத்தலுக்கும் ஒதுக்கினார். முதுகெலும்பும் கழுத்தெலும்பும் முழுமையாக விலகினால் மரணம் விரைந்து வரும், அதற்கு வைத்தியமில்லை என்பதே அவரது முடிவும். அறியாததில் கைவைத்து ஆளைக் கொன்றவர்களின் கதைகளை அப்பகுதியின் முன்னுரையில் எச்சரிக்கையாகவே அவர் சொல்லிவைக்கிறார்.

இவை மனிதரைப் பற்றியவை. குதிரை விடயத்தில் பைதாரின் இக்கட்டு இன்னும் பெரிது. கைகால் உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் கேட்கமுடியாது. பிடித்துவைத்தால் அசையாமல் இருக்கும்படி சொல்லவும் முடியாது. வலியில் இருக்கும் குதிரையின் கழுத்துத் தசைகள் இரும்புபோல் இறுகிவிடும். அவற்றை எதிர்த்து இழுக்கப் பத்துப் பேரின் பலமும் போதாது. பலம் போதுமானதாக இருந்தால் அது இன்னும் ஆபத்து. முளை பின்னுக்கு ஒரு விரற்கடை தள்ளப்பட்டாலே முண்ணாண் நசுங்கிவிடும். எலும்பு எந்தப் பக்கம் நழுவியிருக்கிறது என்று காட்ட விரலைத் தவிர வேறு கருவியும் இல்லை. காலில் முறிவு என்றால் கட்டலாம், சவ்வு வீங்கினால் மருந்து பூசலாம், ஓய்வு கொடுக்கலாம். கழுத்தில் மட்டும் பைதாரின் கைக்கு எல்லை இருந்தது. கழுத்தை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும் துணிச்சலைத் தடுப்பதற்குத்தான் அந்த நட்டஈட்டு விதி போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

காயலில் இறங்கிய குதிரைகள்

இந்த அறிவு எங்கே இருந்தது என்பதோடு எங்கே இல்லாமற் போனது என்பதையும் பார்க்கவேண்டும். அந்தத் தேடல் நம்மைப் பாண்டிய நாட்டுக் கரைக்குக் கொண்டுவருகிறது.

அறபிகளால் மஃபர் எனப்பட்ட அக்கரைக்கு ஹுர்முஸ், கீஷ், ளுஃபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் கணக்குப்படி, கீஷின் அதிபதி ஜமாலுத்தீன் அத்தீபி தமது சொந்தக் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400ஐ அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். முன்னர் ஒரு காலத்தில் வளைகுடாத் துறைகள் அனைத்திலிருந்தும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் அவர் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. கடலில் செத்துப்போன குதிரைக்கும் விலை கொடுக்கப்படும் என்பது ஒப்பந்தம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ சொல்வது நெஞ்சை உறுத்துவது. மன்னர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குகிறார்; அவரது சகோதரர்களும் அவ்வாறே வாங்குகிறார்கள்; ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை; குதிரை வைத்தியரும் இல்லை. வியாபாரிகள் தம்முடன் வைத்தியரைக் கொண்டுவருவதில்லை. போக நினைப்பவரையும் விடுவதில்லை. குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் வியாபாரம்.

இக்கூற்றை அப்படியே விழுங்கவேண்டியதில்லை. போலோ கேட்டதையும் கண்டதையும் கலந்து சொல்பவர். இந்தியாவில் குதிரை வைத்தியமே இல்லை என்பதும் சரியல்ல. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் சாஸ்திரம் பழமையானது, பின்னாளில் பாரசீகத்துக்கும் மொழிபெயர்க்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் கூடிய கரையில் பாலைவனக் குதிரை நலிவது இயல்பு. ஆனால் வஸ்ஸாஃப் முஸ்லிம், அவ்வியாபாரிகளின் உலகத்தைச் சேர்ந்தவர், போலோவை அறியாதவர். அவரும் இதே திசையில்தான் சாட்சி சொல்கிறார். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளைகளில் இறுகக் கட்டிவைத்து, வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் இன்றி வீரர்கள் ஏறி விரட்டுகிறார்கள். மிகத் திடமான குதிரையும் சில நாட்களில் உதவாமற் போகிறது என்கிறார். இரண்டு சாட்சியங்களும் குற்றத்தைப் பங்கு போடுவதில்தான் வேறுபடுகின்றன.

கயிற்றில் கட்டுண்டு கொழுத்த குதிரை ஒன்று திடீரென வெருண்டால் என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்தோம். காயலின் லாயங்களில் எத்தனை கழுத்துகள் அப்படி விலகின என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆனால் கெய்ரோவின் சந்தையில் பைதார் பழுதுக்குப் பணம் கட்டவேண்டும் என்ற விதியும், காயலில் செத்த குதிரைக்கும் வியாபாரிக்குப் பணம் வரும் என்ற ஒப்பந்தமும் ஒரே நூற்றாண்டில், ஒரே கடலின் இரு பக்கங்களில் நிலவின. முதலாவது அறிவைத் தேடச் செய்தது. இரண்டாவது அறிவின் தேவையையே இல்லாமற் செய்தது. அவ்வியாபாரத்தில் நம் முன்னோர்க்கும் பங்கு உண்டு. கடலோடிகள், குதிரை வணிகர்கள் என்று பெருமையோடு அவர்களை எழுதும் நாம் இப்பக்கத்தையும் சேர்த்தே எழுதவேண்டும்.

கத்தியின்றி

பைதாருக்கு இல்லாதிருந்த இரண்டு பொருட்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கொடுத்தது. ஒன்று மயக்கம். 1846இல் ஈதரும் 1847இல் குளோரோபோமும் மனிதருக்குப் பயன்பட்டன; அதிக காலம் செல்லாமல் குதிரைக்கும் வந்தன. மயக்கத்தில் தசைகள் தளரும். பத்துப் பேரின் பலம் தேவைப்பட்ட இடத்தில் நிதானமான இழுவை போதும். மற்றையது 1895இல் ரொண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்ரே கதிர். விரல் ஊகித்ததைக் கண் பார்க்கலாயிற்று. முதுகெலும்பைக் கையால் தட்டிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறை அமெரிக்காவில் தொடங்கியதும் அதே 1895இல்தான் என்பது ஒரு விசித்திரம். ஒன்று பார்த்துவிட்டுத் தொடச் சொன்னது. மற்றையது தொட்டே அறியலாம் என்றது. விழுந்த குதிரையின் கழுத்தைப் படம் எடுக்காமல் 'சொடுக்கு' எடுப்பது இன்றும் ஆபத்தானதே.

கத்தி வைத்து முளையை அகற்றுவதும் எலும்புகளை இணைத்து இறுக்குவதும் சத்திர சிகிச்சையாளர் கையாண்ட வழிகள். ஆழமான தசைகளுக்கடியில் முண்ணாணை ஒட்டிச் செய்யவேண்டிய வேலை அது, செலவும் பெரிது. கத்தியில்லா வழி வேறு. குதிரையை முழு மயக்கத்தில் கிடத்தி, படத்தில் முளை கிடக்கும் திசையைப் பார்த்து, தலையை நீள இழுத்து, கழுத்தை வளைத்தும் நிமிர்த்தியும் இரண்டாம் எலும்பைக் கையால் தள்ளி அதன் இடத்தில் சேர்ப்பது. உடனே மீண்டும் படம் எடுத்துச் சரிபார்ப்பது. 2002இல் ஒரு குட்டிக்கும் 2012இல் வளர்ந்த குதிரை ஒன்றுக்கும் இவ்வாறு மூட்டைச் சேர்த்த விபரங்கள் மிருக வைத்திய ஏடுகளில் வெளிவந்தன. இது அன்றாடம் நடப்பதல்ல. தனித்தனிச் சம்பவங்களாகவே பதிவாகிறது. விலகல் புதிதாகவும் முளை முறியாமலும் நரம்பு தப்பியும் இருந்தால்தான் நம்பிக்கை. கீழ்க்கழுத்தில் மூட்டு சற்றே பிசகி, கழுத்து ஒருபக்கம் கோணிய குதிரைகள் ஓய்வாலும் வீக்கம் வற்ற வைக்கும் மருந்துகளாலும் தேறுவதுண்டு.

மூட்டைச் சேர்ப்பது சில நிமிட வேலை. அதன்பிறகு வாரக்கணக்கில் நடப்பதுதான் வைத்தியம். குதிரையைத் தனிக்கொட்டிலில் அடைத்து வைக்கவேண்டும். கயிற்றில் கட்டக்கூடாது. தீனியையும் தண்ணீரையும் நெஞ்சு உயரத்தில் வைக்கவேண்டும். தரையில் வைத்தால் தலை தாழ்ந்து மூட்டு மறுபடியும் விலகும். நடையில் தள்ளாட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒருவர் நாள்தோறும் பார்த்திருக்கவேண்டும். இவற்றில் எதற்கும் இருபத்தோராம் நூற்றாண்டின் இயந்திரம் தேவையில்லை. அபூபக்கர் இப்னு பத்ர் உயிரோடு வந்தால் இந்தப் பகுதியைத் தயக்கமின்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார்.

கையின் எல்லையும் முற்றாக மறைந்துவிடவில்லை. அறபுக் குதிரை வம்சத்தில் சில குட்டிகள் மண்டையோடும் முதலிரு எலும்புகளும் பிழையாக உருவான நிலையிலேயே பிறக்கின்றன. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று 2017இல் அடையாளம் காணப்பட்டது. எந்த இழுவையாலும் அதைச் சரிசெய்யமுடியாது. இனப்பெருக்கத்தில் கவனம் மட்டுமே வழி. எழும்ப முடியாமல் கிடக்கும் குதிரைக்கு வலியின்றி முடிவு கொடுப்பதும் இன்று வைத்தியத்தின் ஒரு பகுதிதான். முப்பத்தொன்றாவது ஆளைப் பற்றிய அந்த எகிப்தியத் தீர்ப்பு சில குதிரைகளுக்கு இன்னும் செல்லும்.

அஷ்ஷைஸரி பைதாரிடம் கேட்டவை மூன்று: பார், தொடு, அறியாததில் கைவைக்காதே. மயக்கமருந்தும் எக்ஸ்ரேயும் முதல் இரண்டையும் கூர்மையாக்கின. மூன்றாவது அன்று இருந்தவாறே இருக்கிறது. காயல் துறையில் இறங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளோடு ஆண்டுக்கு நாலு பைதார்களும் இறங்கியிருந்தால் எல்லாக் கழுத்துகளும் சரியாகியிருக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் அக்குதிரைகளில் சில கயிறில்லாத கொட்டிலில், நெஞ்சு உயரத்தில் வைத்த தீனியைத் தின்று பிழைத்திருக்கும்.